தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை: மாசிப் பட்டத்துக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் தளையில் (பை, தென்னை நார்க்கட்டி, விதை, நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்த தொகுப்பில்) இருப்பதை மட்டும் நம்பி, நார்க்கட்டியை ஊறவைத்துப் பையில் கொட்டி விதையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால், மூன்றாவது வாரத்தில் இலை வெளுக்கத் தொடங்கும். ஒரு சாண் உயரத்திலேயே செடி நின்றுவிடும். அதற்கு விதையையோ மாசி வெயிலையோ குறை சொல்ல முடியாது. இந்தத் தளையில் வேர் பிடிக்க நார்க்கழிவு இருக்கிறது, நுண்ணுயிர் இருக்கிறது, பூச்சிக்கு மருந்து இருக்கிறது. செடி தின்பதற்குத்தான் எதுவும் இல்லை. தளையில் வரும் ஆறு பைகளுக்கும் சேர்த்து 25 முதல் 30 கிலோ மக்கிய உரம் தனியாக வாங்கத் தயாராக இருந்தால், இந்த விலைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வெளியில் கிடைப்பது கடினம்.

தமிழ்நாட்டின் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை 2013 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற பெயரில் தொடங்கியதன் தொடர்ச்சிதான் இது. 2021இல் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் வந்தபோது மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. அப்போது ஒரு தளையில் இருந்தவை: செடி வளர்ப்புப் பைகள் ஆறு, இரண்டு கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் ஆறு, ஆறு வகைக் காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம் 200 கிராம், பாஸ்போபாக்டீரியா 200 கிராம், வேரழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், வேப்ப எண்ணெய் மருந்து 100 மில்லி, ஒரு கையேடு. அடக்க விலை 900 ரூபாய். முக்கால் பங்கு மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பாதி மானியத்தில் 450 ரூபாய்க்கும் கொடுத்ததுண்டு. மானியமும் உள்ளே வரும் பொருள்களும் நிதியாண்டுக்கு நிதியாண்டு மாறும் என்பதால், துறையின் இணையதளத்தில் அந்த ஆண்டின் நிலவரத்தைப் பார்த்துவிட்டு ஆதார் எண்ணோடு பதிவு செய்வது நல்லது. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

450 ரூபாய் கொடுத்தாலும் கணக்கு சரியாகவே வருகிறது. ஆறு நார்க்கட்டி என்றால் 12 கிலோ. அதோடு தரமான பைகளையும் மூன்று நுண்ணுயிர்ப் பொட்டலங்களையும் தனித்தனியாகச் சில்லறையில் வாங்கினால் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். அதனால் விலையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது தேதியை. தூள் வடிவ உயிர் உரங்களின் ஆயுள் பொதுவாக ஆறு மாதம்தான். வெயிலில் கிடந்திருந்தால் அதுவும் இல்லை. விதைப் பொட்டலத்தில் முளைப்புத் திறன் சோதித்த தேதி அச்சாகியிருக்கும். அதிலிருந்து ஒன்பது மாதம்தான் அந்தச் சீட்டுக்கு மதிப்பு. வெண்டைக்கு 65 விழுக்காடு, தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, மிளகாய்க்கு 60 என்பது குறைந்தபட்ச முளைப்புத் தரம். நூறு விதை போட்டு நூறும் முளைக்கவில்லை என்று குறைப்படுவதற்கு முன் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நார்க்கட்டி. இந்தத் தளையின் வெற்றியும் தோல்வியும் இங்கேதான் முடிவாகின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

இரண்டு கிலோ கட்டி ஒன்று எட்டு முதல் பத்து லிட்டர் தண்ணீர் குடித்து ஏறக்குறைய 25 லிட்டர் அளவுக்கு உப்பும். பக்கெட்டில் போட்டால் வழிந்துவிடும். துணி துவைக்கும் பெரிய டப்பில் வைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். உதிர்ந்ததும் கையால் கட்டிகளை உடைத்து, பழைய வேட்டியிலோ வலைப்பையிலோ போட்டுப் பிழிந்தால் கருந்தேநீர் நிறத்தில் சாறு இறங்கும். அந்தச் சாற்றில் இருப்பது பெரும்பாலும் உப்புதான். தேங்காய் மட்டையை உப்பங்கழித் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் உள்ள பகுதிகளிலிருந்து வரும் நாரில் சோடியம் கூடுதலாக இருக்கும். நாருக்கே உரிய பொட்டாசியமும் உண்டு. இரண்டு முறை, முடிந்தால் மூன்று முறை அலசுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் கடைசி அலசல் தண்ணீரின் அளவு வீட்டுக் குழாய்த் தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா என்று பார்த்து நிறுத்தலாம். கடைசி அலசலுக்கு முன் ஒரு கட்டிக்கு ஒரு கைப்பிடி ஜிப்சம் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டால் இன்னும் நல்லது. நார் தன்னிடம் வரும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அந்தப் பசியை முதலிலேயே ஆற்றிவிட்டால், பின்னால் தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகும் தொல்லை பெரிதும் குறையும்.

அலசிய நார் சுத்தம்தான், ஆனால் சத்தற்றது. மக்காத நார்க்கழிவில் கரிமச்சத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் நூற்றுக்கு ஒன்று என்பதையும் தாண்டும். இப்படிப்பட்ட பொருளில் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கினால், தங்கள் தேவைக்கு அங்கே இருக்கும் கொஞ்ச நஞ்சத் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. கீழ் இலைகள் முதலில் வெளிறுவதற்குக் காரணம் இதுதான். அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தும், பாஸ்போபாக்டீரியா கரையாத மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துக் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் கரைப்பதற்கு ஏதாவது அங்கே இருக்க வேண்டுமே. வெறும் நாரில் இரண்டு பொட்டலத்தையும் தூவுவது வீண்.

எனவே வரிசையைக் கொஞ்சம் மாற்றுங்கள். பைகளை நிரப்புவதற்குப் பத்து நாள் முன்பே பத்து கிலோ மண்புழு உரத்தையோ நன்கு மக்கிய தொழுவுரத்தையோ நிழலில் கொட்டி, மூன்று பொட்டலத்தையும் அதில் கலந்து, பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கும் ஈரத்துக்குத் தண்ணீர் தெளித்து, நனைத்த சாக்கால் மூடி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் டிரைக்கோடெர்மா அந்த உரத்தில் பெருகியிருக்கும். சில சமயம் பச்சை படர்வது கண்ணுக்கே தெரியும். அது பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போனது என்று கொட்டிவிட வேண்டாம். பிறகு ஒரு பைக்கு, அலசிய நாரோடு இந்த உரத்தில் ஒன்றரை கிலோ, சாதாரண மக்கிய உரம் மூன்று கிலோ, இரண்டு கைப்பிடி செம்மண், 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு, 50 கிராம் எலும்புத்தூள் சேர்த்துப் பிசறி நிரப்புங்கள். மேலே இரண்டு அங்குலம் இடம் இருக்கட்டும். பை கொள்ளாமல் மிஞ்சுவது நாற்றுத் தட்டுக்கு ஆகும். நிரப்பியவுடன் விதைக்காமல் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் விட வேண்டும். புண்ணாக்கு மக்கும்போது எழும் சூடு இளவேரைக் கருக்கிவிடும்.

மாடி தாங்குமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். இப்படி நிரப்பிய ஈரமான பை ஒன்று 15 முதல் 20 கிலோ இருக்கும். அதே பையில் முழுக்க மண் நிரப்பினால் 35 கிலோவைத் தாண்டும். ஆள் நடமாடும் கான்கிரீட் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்று கணக்கிட்டுத்தான் கட்டுவார்கள். ஆறு பையைச் சுவரோரமாக வரிசையாக வைத்தால் கவலையில்லை. கவனிக்க வேண்டியது ஈரத்தை. பையை நேராகத் தளத்தில் வைத்தால் வடிதுளை அடைபட்டு வேர் அழுகும், அடியில் ஈரம் நின்று தளத்தையும் கெடுக்கும். இரண்டு செங்கல் வைத்துத் தூக்கிவிட்டால் போதும். காற்றும் போகும், குப்பையையும் கூட்டலாம்.

விதைகளைப் பற்றித்தான் தளைக்குப் பாதி மதிப்பெண் மட்டும் கொடுக்க முடிகிறது. விதையின் தரத்தில் குறையில்லை. ஆறு வகைக்கு ஆறு பை என்று பொட்டலம் பிரித்திருப்பதே, ஒரு பைக்கு ஒரு காய் என்ற எண்ணத்தை வாங்குபவர் மனத்தில் ஏற்படுத்திவிடுகிறது. மாசியில் அது இரண்டு வகையில் தவறாகப் போகும்.

முதலாவது, பருவம். மாசிக் கடைசியில் போட்ட தக்காளி சித்திரையில் பூக்கும். பகலில் 35 டிகிரி செல்சியஸ் வெப்பமும் இரவில் 25க்கு மேலும் நிற்கும் சென்னை, மதுரை, திருச்சி வெயிலில் மகரந்தம் வீரியம் இழந்து பூ பிஞ்சாகாமலே காம்போடு உதிரும். எவ்வளவு உரம் வைத்தாலும் அதைத் தடுக்க முடியாது. ஓசூர் போன்ற குளிர்ந்த மேட்டுப்பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. சமவெளியில் இருப்பவர்கள் தக்காளி விதையை எடுத்து வைத்துவிடுவதே நல்லது. அவரையும் அப்படித்தான். பந்தலில் ஏறும் நாட்டு அவரை பகல்பொழுது குறுகும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பூக்கும். மாசியில் போட்டால் கோடை முழுக்கக் கொடியும் இலையும்தான். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை ரகமாக இருந்தால் மட்டும் போடலாம். இந்த இரண்டு பொட்டலத்தையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஆடிக்கு அப்படியே முளைக்கும்.

இரண்டாவது, அளவு. 25 லிட்டர் பையில் வெண்டை இரண்டு செடிதான் வைக்க முடியும். நல்ல காய்ப்பில் இரண்டு செடியும் சேர்ந்து இரண்டு நாளைக்கு இரண்டு மூன்று காய் தரும். அதை வைத்து என்ன சமைப்பது? முதல் காய் முற்றும், இரண்டாவது வதங்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பொரியல் செய்ய கால் கிலோ, அதாவது இருபது காய் வேண்டும். மூன்று பையில் ஆறு வெண்டைச் செடி வைத்தால் வாரம் ஒரு பொரியலுக்கு நிச்சயம் கிடைக்கும். கத்தரிக்கு ஒரு பையில் ஒரு செடி போதும், மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்க்கும். மிளகாய் ஒரே பையில் இரண்டு செடி. தாளிப்புக்கும் சட்னிக்கும் அந்த வீட்டில் பச்சை மிளகாய் வாங்க வேண்டியிருக்காது. ஆறாவது பையில் கொத்தவரை மூன்று செடி. கீரையை இந்தப் பைகளில் விதைத்து இடத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு ஆழம் வேண்டாம், அகலம்தான் வேண்டும். அரை அடி ஆழமுள்ள பழைய பழக்கூடையில் சாக்கு விரித்து விதைத்தால் 21 முதல் 25 நாளில் பிடுங்கலாம்.

வெண்டையையும் கொத்தவரையையும் நேரடியாகப் பையிலேயே ஊன்றலாம். வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு விரற்கடை ஆழத்தில், குழிக்கு இரண்டாகப் போட்டு, நாலு இலை வந்ததும் வலுவானதை விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அறும். 45 நாளில் முதல் காய். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் நாற்றங்காலில் இருக்க வேண்டும். மாசி பாதியில் விதைத்தால் நடவு பங்குனிக் கடைசிக்குப் போய்விடும். தாமதமாகத் தளை கைக்கு வந்தவர்கள் கத்தரி, மிளகாய் நாற்றை நாற்றுப்பண்ணையில் வாங்கி நடுவதே புத்திசாலித்தனம். எந்த நாற்றையும் மாலையில் நட்டு, ஒரு வாரம் 50 விழுக்காடு பச்சை நிழல்வலைக்குள் வைத்துப் பிறகு வெளியே கொண்டுவாருங்கள்.

விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் அது பூஞ்சாணக்கொல்லி தடவிய விதை. அதன்மேல் டிரைக்கோடெர்மா தடவினால் மருந்து அதையே கொன்றுவிடும். சாயமில்லாத விதைக்கு ஆறிய கஞ்சியில் ஒரு சிட்டிகை கலந்து புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.

வேப்ப எண்ணெய் மருந்துப் புட்டியில் அசாடிராக்டின் (வேம்பில் பூச்சியை விரட்டும் சத்து) இத்தனை பிபிஎம் என்று எழுதியிருந்தால் அது தண்ணீரில் கரையும்படி தயாரித்தது; தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும். 1500 பிபிஎம் மருந்தானால் லிட்டருக்கு மூன்று முதல் ஐந்து மில்லி. எண்ணெய் தனியாக மிதந்தால் அது வெறும் எண்ணெய். காதி சோப்புக் கரைசலில் நுரைக்க அடித்து, பிறகுதான் தண்ணீர் சேர்க்க வேண்டும். வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். பங்குனி வெயிலில் காலை பத்து மணிக்குத் தெளித்தால் இலை கருகும். 100 மில்லி புட்டி ஆறு பைக்கு ஒரு பருவம் முழுக்கத் தாராளமாக வரும்.

ஆனால் எல்லா நோவுக்கும் அந்தப் புட்டியே மருந்தாகாது. மிளகாய் இலை படகு போல மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். வேப்ப எண்ணெய் கேட்கும். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி என்னும் நுண்ணிய சிலந்தி. அதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு முதல் மூன்று கிராம் தெளிக்க வேண்டும், அதையும் வெயில் தணிந்த நேரத்தில், எண்ணெய் தெளித்து இரண்டு வாரமாவது கழித்து. வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை பின்னினால் நரம்புத் தேமல் என்னும் நச்சுயிரி நோய். வெள்ளை ஈ பரப்பும் இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவது மற்ற ஐந்தைக் காக்கும். கோடையில் வெள்ளை ஈ அதிகம் என்பதால், இந்தப் பட்டத்துக்கு அர்கா அனாமிகா போன்ற தாங்கும் ரகமா என்று பொட்டலத்தில் பார்ப்பது பயன்தரும். கத்தரியின் நுனித் தண்டு மட்டும் திடீரென வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓரங்குலம் கீழே வெட்டி நசுக்கிவிடுங்கள். தெளிப்பால் அந்தப் புழுவை எட்ட முடியாது.

தண்ணீர் ஊற்றுவதில் நார் ஏமாற்றும். மேலே ஒரு விரல் அளவு காய்ந்து வெளுத்திருக்கும், அடியில் சொதசொதவென்று ஈரம் நிற்கும். விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். காய்ப்புக்கு வந்த வெண்டைப் பைக்குச் சித்திரையில் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தேவைப்படும், அதைக் காலையும் மாலையுமாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஊருக்குப் போய்விட்டு வந்து நார் முழுக்கக் காய்ந்துகிடந்தால் மொத்தமாக ஊற்றுவதில் பயனில்லை. தண்ணீர் பை ஓரமாக வழிந்து ஓடிவிடும். பத்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக நனைக்க வேண்டும். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை மட்டுமே ஊற்றினால் பட்டபாட்டுக்கு அலசிய உப்பு மறுபடி ஏறிவிடும்.

நட்ட மூன்றாவது வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊட்டம் கொடுங்கள். கடலைப்புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்றுவது ஒரு முறை. லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யாவை இலையில் தெளிப்பது அடுத்த முறை. கையேட்டைத் தூக்கிப் போட வேண்டாம், நாற்று நடும் இடைவெளி போன்ற அடிப்படைகள் அதில் இருக்கின்றன.

தரையில் இரண்டு சென்ட் இடம் உள்ளவர்களுக்கு இந்தத் தளை தேவையே இல்லை. அதே திட்டத்தில் 12 வகை விதைகள் கொண்ட பொட்டலம் 15 ரூபாய்க்கும், பப்பாளி, எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை, புதினா உள்ளிட்ட எட்டுச் செடிகள் கொண்ட ஊட்டச்சத்துத் தளை 25 ரூபாய்க்கும் வந்தன. விதைப் பொட்டலத்தில் இருக்கும் புடலை, பீர்க்கு, பாகல், சுரை எல்லாம் மாசியில் தரையில் ஊன்றப் பொருத்தமானவை. பையில் வைத்தால் வேருக்கு இடம் போதாமல் பிஞ்சிலேயே வெம்பும். மொட்டை மாடி மட்டுமே உள்ளவர்களுக்குத்தான் ஆறு பைத் தளை. ஒருவருக்கு இரண்டு தளை வரை அனுமதி உண்டு என்றால் இரண்டையும் வாங்கிவிடுங்கள். பன்னிரண்டு பை இருந்தால்தான் காய் அடுப்புக்கு வருவது வழக்கமாகும்.

வைகாசிக் கடைசியில் வெண்டை ஓய்ந்ததும் பையைக் கொட்ட வேண்டாம். செடியை அடியோடு வெட்டிவிட்டு, வேரை நாரிலேயே மக்க விட்டு, பைக்கு இரண்டு கிலோ தொழுவுரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஈரம் காயாமல் வையுங்கள். ஒரு பயிர் கண்ட நார் புது நாரைவிட மக்கியிருக்கும், தழைச்சத்தைப் பிடுங்குவதும் குறையும். வெண்டை இருந்த மூன்று பையில் எடுத்து வைத்த தக்காளியையும் அவரையையும் ஆடியில் போடலாம். கத்தரி, மிளகாய் இருந்த பைகளில் தக்காளி மட்டும் வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் வேரழுகல் நோய் அங்கேயே தங்கியிருக்கும்.